க்ரூஸர் பைக்கில் அதிர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"வண்டிக்கு உயிர் இருக்கிற மாதிரி இருக்கு" என்று க்ரூஸர் (தாழ்ந்த சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் பெரிய எஞ்சின் பைக்) வாங்கிய முதல் மாதம் சொல்பவரும் "கை மரத்துப் போகுது" என்று ஆறாம் மாதம் சொல்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். இடையில் வண்டி மாறியதா, ஓட்டும் தூரம் மாறியதா என்று பிரித்துப் பார்க்காமல் ஹேண்டில் வெயிட் (ஹேண்டில் முனையில் மாட்டும் எடை), ஜெல் சீட் என்று வாங்கிக் குவிப்பதுதான் வழக்கம். நானும் அதைச் செய்தவன். அதனால் இங்கே பொருள் வாங்கும் கேள்விகள் பின்னால் வருகின்றன, கண்டுபிடிக்கும் கேள்விகள் முன்னால்.

க்ரூஸர் என்றாலே அதிரத்தானே செய்யும்? எதை 'அதிகம்' என்பது?

அதிரும். ஆனால் வாங்கிய நாளிலிருந்து இருக்கும் அதிர்வு வேறு, போன வாரம் வந்த அதிர்வு வேறு. முதலாவது எஞ்சினின் பிறவிக்குணம். அதை மட்டுப்படுத்தலாம், ஒழிக்க முடியாது. இரண்டாவது ஏதோ தளர்ந்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ தப்பாக மாட்டியிருக்கிறார்கள் என்பதன் அறிகுறி. அதைத் தேடிப் பிடித்துச் சரிசெய்ய வேண்டும், மெத்தை போட்டு மறைக்கக் கூடாது.

பழைய வண்டியை வாங்கியவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிய வாய்ப்பில்லை. அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவரின் வண்டியை ஐந்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். எந்தக் கருவியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

இந்த எஞ்சின்கள் ஏன் இப்படி அதிர்கின்றன?

பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வந்து, மறுபடி நின்று திரும்புகிறது. 3000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) ஒரு பிஸ்டன் விநாடிக்கு 100 முறை இப்படி நின்று திரும்ப வேண்டும். ஓடும் பேருந்து சட்டென நின்றால் நாம் முன்னால் சாய்கிறோம் இல்லையா, அந்த உதைதான் ஒவ்வொரு முறையும் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) வழியாக ஃபிரேமுக்குப் போகிறது. க்ரூஸர்களில் பிஸ்டன் பெரியது, கனமானது, எண்ணிக்கையில் ஒன்றோ இரண்டோதான். அதனால் உதை பெரிது. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: ஆர்பிஎம் இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். 2000-ல் இதமாக இருந்த வண்டி 4000-ல் பல்லைக் கடிக்க வைப்பதன் காரணம் இதுதான்.

கிராங்கில் எதிர் எடை வைத்து இதைச் சமன் செய்யலாமே என்று கேட்கலாம். பிஸ்டனின் மேல்-கீழ் விசையை முழுவதும் எதிர் எடையால் அடித்தால், அந்த எடையே சுற்றும்போது முன்-பின்னாக அதே அளவுக்கு உதறும். அதனால் ஒற்றை சிலிண்டரில் ஏறக்குறைய பாதியை மட்டும் சமன் செய்து, மீதியை விட்டுவிடுவார்கள். கிராங்குக்கு எதிர்த் திசையில், அதே வேகத்தில் சுற்றும் பேலன்சர் ஷாஃப்ட் ஒன்றைச் சேர்த்தால் அந்த மீதியும் பெரும்பாலும் அடங்கும். ராயல் என்ஃபீல்டின் பழைய 350 எஞ்சினில் இது கிடையாது. 2020-ல் மீட்டியார் 350-உடன் வந்த புதிய எஞ்சினில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டியவருக்கு விளக்கம் தேவைப்படாது.

இரட்டை சிலிண்டரில் கோணம்தான் விஷயம். இரண்டு சிலிண்டரும் 90 டிகிரியில் இருந்தால், சரியான எதிர் எடையோடு, முதல் நிலை விசை (கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வரும் உதை) முழுக்கச் சமனாகிவிடும். மோட்டோ கூட்ஸி கலிஃபோர்னியா அந்த வகை. ஹார்லியின் புகழ்பெற்ற 45 டிகிரி வி-ட்வினில் (V வடிவ இரட்டை சிலிண்டரில்) இரண்டு பிஸ்டனும் ஒரே கிராங்க் பின்னில், அதாவது பிஸ்டன் தண்டு கிராங்கோடு இணையும் ஒரே முளையில், தொங்குகின்றன. வெடிப்புகள் 315 டிகிரி, 405 டிகிரி என்று ஏறுக்குமாறான இடைவெளியில் வரும். அந்தக் குதிரைக் குளம்பொலி அங்கிருந்துதான் வருகிறது, உதறலும்தான். ஹோண்டா தன் ஷேடோ வண்டிகளில் 52 டிகிரி எஞ்சினை வைத்து, கிராங்க் பின்களை 76 டிகிரி தள்ளி அமைத்து, 90 டிகிரி எஞ்சினுக்கு நிகரான சமநிலையைக் கொண்டுவந்தது. வண்டி வழுவழுவென்று ஓடியது. ஆனால் க்ரூஸர் பிரியர்களுக்கு அந்த வழவழப்பு பிடிக்கவில்லை. 1995 மாடலாக வந்த ஷேடோ ஏஸ் 1100-இல் ஹோண்டாவே ஒற்றைப் பின் கிராங்குக்கு இறங்கி வந்தது. கெட்டிக்காரப் பொறியாளர்கள் மெனக்கெட்டு உதறலைத் திரும்பக் கொண்டுவந்த கதை இது.

ஹார்லியும் எதிர்ப்பக்கத்திலிருந்து நடுவுக்கு வந்தது. 2000-ல் சாஃப்ட்டெயில் எஞ்சினில் பேலன்சர்கள், 2004-ல் ஸ்போர்ட்ஸ்டருக்கு ரப்பர் மவுண்ட் (எஞ்சினுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் ரப்பர்), 2017 மாடல் மில்வாக்கி-எய்ட் டூரிங் வண்டிகளில் ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டர் முறுக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) முதல் நிலை அதிர்வின் 75 சதவீதத்தை அடிக்கும் ஒரு பேலன்சர். மீதி 25 சதவீதத்தை வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருக்கிறார்கள்.

அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். அதிர்வு எதன் பின்னால் போகிறது? எஞ்சின் ஆர்பிஎம் பின்னாலா, சாலை வேகத்தின் பின்னாலா, அல்லது ஆக்சிலேட்டர் முறுக்கும் பளுவின் பின்னாலா? இந்த மூன்றில் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடும்.

முதல் சோதனை நின்ற இடத்தில். எஞ்சின் சூடானதும் நியூட்ரலில் வைத்து, அதிர்வு வரும் ஆர்பிஎம் வரை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். அங்கேயே கை நடுங்கினால் சக்கரத்துக்கும் செயினுக்கும் இதில் பங்கில்லை.

இரண்டாவது, நேரான காலியான சாலையில். அதிர்வு வரும் வேகத்துக்குப் போய் கிளட்சைப் பிடித்து, எஞ்சினை ஐடிலுக்கு விடுங்கள். எஞ்சினை அணைக்க வேண்டாம். அதிர்வு சட்டென நின்றால் எஞ்சின் பக்கம். வேகம் குறையக் குறைய மெல்ல மாறிக்கொண்டே தொடர்ந்தால் சக்கரப் பக்கம்.

மூன்றாவது, அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டுவது. வேகம் மாறவில்லை, ஆர்பிஎம் மட்டும் ஏறியிருக்கிறது. அதிர்வு மாறினால் எஞ்சின். மாறாவிட்டால் சக்கரம். முறுக்கும்போது மட்டும் வந்து, விட்டவுடன் போனால் செயின், பெல்ட், ஹப் ரப்பர் (பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ரப்பர்கள்), கிளட்ச், அல்லது தளர்ந்த எஞ்சின் மவுண்ட்.

அதிர்வின் தன்மையும் துப்புக் கொடுக்கும். 100 கிமீ வேகத்தில், ஏறக்குறைய 2 மீட்டர் சுற்றளவுள்ள டயர் விநாடிக்கு 14 சுற்றுதான் சுற்றுகிறது. அது கையில் தனித்தனி ஆட்டமாகத் தெரியும். முன் சக்கரமானால் ஹேண்டில் லேசாகத் தலையாட்டும். 3000 ஆர்பிஎம் எஞ்சின் விநாடிக்கு 50 சுற்று. அது ஆட்டமாகத் தெரியாது, 'ர்ர்ர்' என்று கூசும், எறும்பு ஊர்வது போல இருக்கும். ஆட்டமா கூச்சமா என்பதை வைத்தே ஓரளவு ஊகித்துவிடலாம்.

எஞ்சின்தான் என்று தெரிந்துவிட்டது. முதலில் எதைத் தொடுவது?

எஞ்சின் மவுண்டை, அதாவது எஞ்சினை ஃபிரேமில் பிடித்திருக்கும் இடங்களை. எனக்கு இது புத்தியில் ஏறியது செலவழித்த பிறகுதான். ஹேண்டில் கூச்சத்துக்காக கிரிப் மாற்றினேன், வெயிட் மாற்றினேன், சீட்டுக்கு ஜெல் வைத்தேன். ஒரு நாள் வண்டியைக் கழுவும்போது துணி மாட்டிக்கொண்டது. பார்த்தால் பின்பக்கக் கீழ் மவுண்டின் நட்டு விரலாலேயே சுழன்றது. ஸ்பேனர் வைத்து இறுக்கிய நிமிடத்தில் வண்டி பழைய நிலைக்கு வந்தது.

ரிஜிட் மவுண்டாக (ரப்பர் இல்லாமல் நேராக ஃபிரேமில் போல்ட் போட்டது) இருந்தால் எல்லா மவுண்ட் போல்ட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக இறுக்கிவிட்டுப் போகாதீர்கள். எல்லாவற்றையும் சற்றுத் தளர்த்தி, எஞ்சின் தன் இடத்தில் இயல்பாக உட்காரும்படி விட்டு, பிறகு சர்வீஸ் கையேடு சொல்லும் வரிசையில், சொல்லும் டார்க் (முறுக்கு விசை) அளவில், டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குங்கள். பிளேட்டுக்கும் ஃபிரேமுக்கும் இடையில் சந்து தெரிந்தால் போல்ட்டை முறுக்கி இழுத்து மூடக் கூடாது. அங்கே ஒரு வாஷரோ ஸ்பேசரோ விடுபட்டிருக்கிறது. இழுத்து மூடினால் ஃபிரேம் எப்போதும் இழுபட்ட நிலையில் இருக்கும். அதிர்வும் குறையாது, ஒருநாள் பிராக்கெட் விரிசல் விடும்.

மவுண்டைச் சுற்றித் துருப்பொடி போலச் சிவந்த தூசி படிந்திருந்தால் அங்கே இரண்டு உலோகங்கள் உரசிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். வெல்டிங் ஓரங்களையும் அதே கையோடு டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

ரப்பர் மவுண்ட் வண்டி ஐடிலில் பயங்கரமாக ஆடுகிறது. ரப்பர் போய்விட்டதா?

ஐடிலில் ஆடி, கிளம்பியதும் அடங்கினால் ரப்பர் நன்றாக இருக்கிறது. அது அப்படித்தான் வேலை செய்யும். ரப்பரில் உட்கார்ந்த எஞ்சின் ஊஞ்சல் மாதிரி. அதற்கென்று ஒரு சொந்தத் தாளம் உண்டு. எஞ்சின் அந்தத் தாளத்துக்கு அருகில் சுற்றும்போது ஆட்டம் பெரிதாகும். அதைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கைத் தாண்டிய பிறகுதான் ரப்பர் அதிர்வைத் தடுக்கவே தொடங்கும். வடிவமைப்பாளர்கள் அந்தத் தாளத்தை ஐடிலுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துவிடுவார்கள், ஓட்டும் வேகங்கள் தப்பட்டும் என்று. ஐடில் ஆர்பிஎம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தாலும் இந்த ஆட்டம் கூடும். 'டுக்-டுக்' சத்தம் நிதானமாக வரட்டும் என்று ஐடிலைக் குறைத்து வைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். ஆயில் பிரஷருக்கும் அது நல்லதல்ல.

கவலைப்பட வேண்டியது இதற்கு நேர்மாறானது. ஐடிலில் குறைவாக ஆடி, நெடுஞ்சாலை வேகத்தில் கூசினால் ரப்பர் இறுகிப்போயிருக்கலாம், நசுங்கி உலோகத்தோடு உலோகம் தொட்டுக்கொண்டிருக்கலாம். ஆயில் கசிந்து ஊறிய ரப்பர் உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். இரண்டுக்கும் மாற்றுவது ஒன்றே வழி.

லெக் கார்ட் மாட்டிய பிறகு அதிர்வு வந்தது. இதெல்லாம் சாத்தியமா?

நிச்சயம். ரப்பர் மவுண்ட் எஞ்சினுக்கும் ஃபிரேமுக்கும் இடையில் இரும்புப் பாலம் எதுவும் இருக்கக் கூடாது. லெக் கார்டின் ஒரு கால் ஃபிரேமிலும் இன்னொரு கால் எஞ்சின் போல்ட்டிலும் இருந்தால் ரப்பர் இருந்தும் பயனில்லை. புதிய சைலன்சரின் பிராக்கெட் ஃபிரேமைத் தொடுவது, வயர் கட்டு எஞ்சினுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது, ஆயில் கூலர் குழாய் இழுத்துக் கட்டப்பட்டிருப்பது எல்லாம் இதே வகை. ரிஜிட் மவுண்ட் வண்டியிலும் லெக் கார்டை நெம்பி வளைத்து மாட்டினால் அது சுருதி கூட்டிய கம்பி மாதிரி ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் பாடும். கழற்றிவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

இரட்டை சிலிண்டர் வண்டி, மவுண்டெல்லாம் சரி. இன்னும் உதறுகிறது.

இரண்டு சிலிண்டரும் சமமாக உழைக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடம் கழித்து இரண்டு சைலன்சர் பைப்பின் தொடக்கத்திலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்றில் 'சுர்' என்று ஆவியாகி, மற்றதில் சும்மா வழிந்தால் அந்த சிலிண்டர் தூங்குகிறது. ஸ்பார்க் பிளக், பிளக் கேப், காயில், டேப்பெட் இடைவெளி என்று வரிசையாகப் போகலாம். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பூட் வெடித்துக் காற்று இழுத்தாலும் இதே கதைதான். விரலால் மடக்கிப் பார்த்தால்தான் அந்த வெடிப்பு தெரியும்.

இரண்டு கார்புரேட்டரோ இரண்டு த்ராட்டில் பாடியோ இருந்தால் சிங்க் செய்வது, அதாவது இரண்டையும் சமமாக வைப்பது, அவசியம். வாக்குவம் கேஜ் இரண்டை மாட்டி, இரண்டு முள்ளும் ஒன்றாக நிற்கும்வரை திருகுவது. காதால் கேட்டே செய்துவிடுவேன் என்பவரை நம்பாதீர்கள். அந்தக் காது இருந்தவர்களும் கேஜ் வைத்துத்தான் சரிபார்த்தார்கள்.

எஞ்சின் வேலை முடிந்து வந்த பிறகு அதிர்வு கூடியிருக்கிறது. ஏன்?

பேலன்சர் இருக்கும் வண்டியா? அதன் கியரிலும் கிராங்க் கியரிலும் புள்ளி குத்தியிருக்கும். இரண்டு புள்ளியும் நேருக்கு நேர் வர வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் அதிர்வைக் குறைக்க வேண்டிய எடை தவறான நேரத்தில் வந்து சேரும். எஞ்சின் ஓடும், இழுக்கும், ஆனால் எல்லா ஆர்பிஎம்மிலும் உதறும். வேறு எடையுள்ள பிஸ்டன் போட்டிருந்தாலும் எதிர் எடைக் கணக்கு மாறும். பெரிய போர் கிட் (பெரிய சிலிண்டரும் பிஸ்டனும்) போட்டவர்கள் கூடுதல் இழுவையோடு கூடுதல் கூச்சத்தையும் சேர்த்தே வாங்குகிறார்கள். வேலை செய்த இடத்தில் இந்த இரண்டையும் நேராகக் கேளுங்கள்.

எல்லா நட்டையும் நன்றாக இறுக்கி, லாக்டைட் போட்டுவிட்டால் போதுமா?

இறுக்க இறுக்க நல்லது என்பது தப்பு. அளவு மீறினால் அலுமினியத்தில் மரை போய்விடும். லாக்டைட் என்பது மரையைப் பிடித்து வைக்கும் பசை; நீல நிற, நடுத்தர வலிமை வகை போதும். சிவப்பு போட்டால் பிறகு சூடுகாட்டித்தான் கழற்ற வேண்டும். மரை எண்ணெய் இல்லாமல் சுத்தமாக இருந்தால்தான் பிடிக்கும். பிளாஸ்டிக் அருகே படக் கூடாது, சிலவகை பிளாஸ்டிக் வெடித்துவிடும். ஸ்பிரிங் வாஷரை நம்பி இருக்காதீர்கள். பக்கவாட்டு அதிர்வில் போல்ட் எப்படித் தானே கழல்கிறது என்று ஜங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1969-ல் சோதித்துக் காட்டினார். அந்த வகைச் சோதனையில் ஸ்பிரிங் வாஷர் பெரிதாக எதையும் தடுப்பதில்லை. நைலான் வளையம் வைத்த நட்டு தேவலை, கழற்றினால் புதிது போடுங்கள்.

நான் செய்வது: இறுக்கிய பிறகு நட்டிலிருந்து ஃபிரேம் வரை பெயிண்டால் ஒரு கோடு. கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. குனிந்து பார்த்தாலே போதும், ஸ்பேனர் எடுக்க வேண்டாம்.

வேகத்தோடு சேர்ந்து வருகிறது. சக்கரத்தில் எதைப் பார்ப்பது?

டயர் அழுத்தம், குளிர்ந்த நிலையில். பிறகு சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள். ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலை நிலையாகப் பிடித்தால் கோணல் தெரிந்துவிடும். டயர் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். அது சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. புது டயர் போட்ட பிறகு வரும் ஆட்டத்துக்கு இதுவும் பேலன்ஸ் செய்யாமல் விட்டதும்தான் முக்கியக் காரணங்கள். ரிம்மில் ஒட்டிய எடை விழுந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் மிஞ்சியிருக்கும், அதையும் தேடுங்கள்.

ஸ்போக் சக்கரமானால் ஒரு சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக்கொண்டே போங்கள். இறுகிய கம்பி 'டிங்' என்னும், தளர்ந்தது 'டொக்' என்னும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லூசாக ஆடுகிறதா? பேரிங் போயிருக்கலாம். முன் சக்கரம் தரையைத் தொடாமல் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் 'டக்' என்கிறதா? கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) தளர்ந்திருக்கிறது. இந்தக் கடைசி இரண்டும் சௌகரியப் பிரச்சினை அல்ல, அதோடு வேகமாக ஓட்டக் கூடாது. ஹேண்டிலை விட்டுப் பார்த்து ஆட்டத்தைச் சோதிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

பல நாள் நிறுத்தி வைத்து எடுத்த வண்டி முதல் சில கிலோமீட்டர் 'தொம் தொம்' என்றால் டயரில் தட்டை விழுந்திருக்கிறது. சூடானதும் பெரும்பாலும் போய்விடும்.

செயின், பெல்ட் இவற்றால் அவ்வளவு அதிர்வு வருமா?

வரும், ஃபுட்பெக்கில்தான் முதலில் தெரியும். செயினை ஓரிடத்தில் மட்டும் அழுத்திப் பார்த்துத் தொய்வை வைக்காதீர்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கம், இன்னோரிடத்தில் தொங்கல் என்றால் செயின் ஒரே சீராகத் தேயவில்லை. அதை எப்படி அட்ஜஸ்ட் செய்தாலும் சரிவராது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்புறத்தில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள், பாதிப் பல் வெளியே தெரிந்தால் செட்டாக மாற்றும் நேரம். பெல்ட் வண்டியில் இறுக்கம் கூடினால்தான் தொல்லை அதிகம், பேரிங்கையும் தின்றுவிடும்.

பின் ஹப்பில் இருக்கும் ரப்பர்கள் தேய்ந்தால் ஆக்சிலேட்டரைத் திறக்கும்போதும் மூடும்போதும் இடி விழும். ஸ்ப்ராக்கெட்டைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். லூசாகத் திரும்பினால் மாற்றுங்கள். இவ்வளவு சின்னச் செலவில் இவ்வளவு வித்தியாசம் தரும் பொருள் வண்டியில் வேறு இல்லை என்பேன்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் துடிக்கிறது.

டிஸ்க் கோணியிருக்கிறது அல்லது தடிமன் சீராக இல்லை. பின் டிரம் பிரேக்கானால் டிரம் வட்டம் கெட்டிருக்கலாம். இந்தப் பக்கத்தின் மற்ற கேள்விகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

டாப் கியரில் மெதுவாகப் போகும்போது வண்டி உதறுகிறதே?

கியரைக் குறையுங்கள். க்ரூஸருக்கு டார்க் இருக்கிறது என்பதற்காக டாப் கியரில் ஊர்ந்தால் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகச் செயினைச் சுண்டும். கிராங்க் பேரிங்குக்கும் ஹப் ரப்பருக்கும் அதுதான் எமன்.

எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது, கை மட்டும் மரத்துப் போகிறது. ஹேண்டில் வெயிட் உதவுமா?

இப்போது கேட்கலாம். ஹேண்டில்பார் என்பது ஒரு முனை பிடிக்கப்பட்ட கம்பி, அதற்கும் சொந்தத் தாளம் உண்டு. எஞ்சினின் தாளம் அதோடு ஒத்துப்போகும் ஆர்பிஎம்மில் கை கூசும். முனையில் எடை சேர்த்தால் அந்தத் தாளம் கீழே இறங்கும், ஆட்டத்தின் வீச்சும் குறையும். ஆனால் கூச்சம் மறைந்துவிடாது, வேறொரு ஆர்பிஎம்முக்கு இடம் மாறும். நீங்கள் அதிகம் ஓட்டும் ஆர்பிஎம்மை விட்டு அது விலகினால் வெற்றி. அதனால்தான் ஒரே வெயிட்டை ஒருவர் புகழ்கிறார், இன்னொருவர் திட்டுகிறார். மாட்டும்போது ஆக்சிலேட்டர் குழாய்க்கும் வெயிட்டுக்கும் இடையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விடுங்கள். முறுக்கி விட்டால் ஆக்சிலேட்டர் தானாகச் சடாரென்று மூட வேண்டும்.

ஏப் ஹேங்கர் (கையைத் தூக்கிப் பிடிக்க வைக்கும் உயரமான ஹேண்டில்) போட்டவர்களுக்கு இது இன்னும் கடினம், கம்பி நீள நீள ஆட்டம் கூடும். ரைசருக்கு (ஹேண்டிலைத் தாங்கிப் பிடிக்கும் கட்டை) அடியில் உள்ள புஷ்கள் ரப்பரா, பாலியூரிதேனா என்று பாருங்கள். பாலியூரிதேன் போட்டால் ஹேண்டில் கச்சிதமாகத் திரும்பும், கூச்சமும் கூடும். தடிமனான மென்மையான கிரிப், உள்ளங்கையில் மெல்லிய பஞ்சு வைத்த கிளவ்ஸ் இரண்டும் உதவும். கிளவ்ஸ் ரொம்பத் தடித்தால் இறுக்கிப் பிடிப்போம், அதுவே வினை: இறுக்கிப் பிடிக்கும் கைக்கு அதிர்வு அதிகம் ஏறும். ஆக்சிலேட்டர் கேபிள் கனமாக இருந்தால் எண்ணெய் விட்டு இலகுவாக்குங்கள், பிடி தானே தளரும்.

ஒரு எச்சரிக்கை. அதிரும் கருவிகளோடு வேலை செய்பவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் வரம்பு வைத்தது: 8 மணி நேரச் சராசரியாக 2.5 மீ/வி² தாண்டினால் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 தாண்டவே கூடாது. நரம்பும் ரத்தக்குழாயும் கெடும் என்பதால்தான். வண்டியை விட்டு இறங்கி வெகுநேரம் கழித்தும் ஊசி குத்துவது நிற்காவிட்டால், குளிரில் விரல் நுனி வெளுத்தால், மருத்துவரைப் பாருங்கள்.

ஃபுட்பெக், கண்ணாடி?

ஃபுட்பெக்கின் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தால் மாற்றுங்கள். பளபளக்கும் அலுமினிய பெக் அழகு, பாதத்துக்குக் கேடு. ரப்பர் மேல் உட்காரும் ஃபுட்போர்டு இந்த விஷயத்தில் நல்லது. கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரிந்தால் தண்டைக் குட்டையாக்குங்கள் அல்லது கண்ணாடிக் கூட்டுக்குள் கொஞ்சம் எடை ஒட்டுங்கள்.

முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால்?

நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு இது பொருந்தும். 15 பல்லுக்குப் பதில் 16 போட்டால் அதே வேகத்தில் ஆர்பிஎம் சுமார் 6 சதவீதம் குறையும். 4000 ஓடிய இடத்தில் 3750. விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தோடு போவதால் உதறல் விசை 12 சதவீதம் இறங்கும். விலையாக ஏற்றத்திலும் நெரிசலிலும் கியர் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை எடுக்கும் வண்டியில் ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். உறைக்குள் செயின் உரசாமல் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹேண்டிலில் ஃபோன் மாட்டலாமா?

பெரிய எஞ்சின் வண்டியில் நேராக மாட்டாதீர்கள். பைக்கின் பலமான அதிர்வு ஐஃபோன் கேமராவின் நிலைப்படுத்தும் பாகங்களைக் கெடுக்கக்கூடும் என்று 2021-ல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. அந்த வகைக் கேமரா உள்ள எந்த ஃபோனுக்கும் இது பொருந்தும். மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டர், அல்லது காமிரா இல்லாத பழைய ஃபோன்.

ஆயில், பெட்ரோல் மாற்றினால் குறையுமா?

பழைய ஆயிலை மாற்றினால் கியர் இலகுவாகும், சத்தம் கொஞ்சம் குறையும். அதிர்வு குறைந்தது என்று நினைப்பது பெரும்பாலும் அந்தச் சத்தக் குறைவைத்தான். விலை கூடிய பெட்ரோல் பிஸ்டனின் எடையைக் குறைக்காது.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

"வைப்ரேஷன் அதிகமா இருக்கு" என்று மட்டும் சொன்னால் அவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு "இந்த வண்டி இப்படித்தான்" என்பார், அவர் மேல் தப்பில்லை. மேலே சொன்ன மூன்று சோதனைகளையும் செய்துவிட்டு இப்படிச் சொல்லுங்கள்: "மூவாயிரத்தி ஐநூறு ஆர்பிஎம்முக்கு மேல வருதுண்ணே, எந்த கியர்லயும். கிளட்ச் பிடிச்சா நின்னுடுது. நியூட்ரல்ல ரைஸ் பண்ணாலும் இருக்கு. வலது ஃபுட்பெக்லதான் ஜாஸ்தி. போன மாசம் சைலன்சர் மாத்தினதுக்கு அப்புறம்தான்." அவர் வண்டியைச் சுற்றி வராமல் நேராக வலது பக்கம் உட்கார்ந்து சைலன்சர் பிராக்கெட்டைப் பிடித்து ஆட்டுவார்.